பேட்ரிக் வைட்: அரை மணி நேரப் பேச்சுக்கு எதை எடுப்பது, எதை விடுவது?

குழித்துறை வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒரு வெளிநாட்டு நாவலாசிரியரைப் பற்றிப் பேசுவது வழக்கம். அடுத்த கூட்டத்துக்கு ஆஸ்திரேலியாவின் பேட்ரிக் வைட். பேச்சு முப்பது நிமிடம், அதற்குப் பிறகு கேள்வி பதினைந்து நிமிடம். வருகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற வாத்தியார்மார், மீதி கல்லூரிப் பிள்ளைகள். வைட்டை யாரும் வாசித்ததில்லை.

குழுவில் ஒரு அறிமுகக் குறிப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது: "ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். நோபல் பரிசை மறுத்தவர். நாட்டின் உயரிய விருதையும் மறுத்தவர். புக்கர் பரிசு பெற்றவர். யாரையும் விட்டுவைக்காத வாய்."

மூன்று விஷயம் தெரிய வேண்டும். இந்தக் குறிப்பில் எது சரி, எது தப்பு? ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துப் பேசுவது என்றால் எதை? அவருடைய வெளிப்படையான பேச்சைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் வம்புப் பேச்சாகவும் ஆகிவிடக் கூடாது. அதை எப்படிக் கொண்டு போவது?

வேளிமலை:

அந்தக் குறிப்பை அப்படியே மேடையில் வாசித்தால் வாத்தியார்மாரிடம் நாலு இடத்தில் மாட்டுவீர்கள். கடைசி வரியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும், முதல் நாலை நான் சொல்கிறேன்.

பிறந்தது லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில், 1912 மே 28. அப்பா, அம்மா இரண்டு பேரும் ஆஸ்திரேலியர்கள். ஹண்டர் பள்ளத்தாக்கில் பெல்ட்ரீஸ் என்ற பெரிய பண்ணையை வைத்திருந்த குடும்பம். ஆறு மாதக் குழந்தையாக சிட்னிக்கு வந்தார். சின்ன வயதிலேயே ஆஸ்துமா; சாகும்வரை விடவில்லை. பதின்மூன்று வயதில் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்த நாலு வருஷத்தை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. திரும்பி வந்து பண்ணைகளில் கொஞ்ச காலம் வேலை, பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பிரெஞ்சும் ஜெர்மனும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் உளவுப் பிரிவில் எகிப்து, பாலஸ்தீனம், கிரீஸ். நிரந்தரமாக ஆஸ்திரேலியா திரும்பியது 1948-இல்தான். அப்போது வயது முப்பத்தாறு, வெளிவந்த நாவல்கள் மூன்று.

நோபலை மறுக்கவில்லை. 1973-இல் ஏற்றுக்கொண்டார், ஸ்டாக்ஹோமுக்குத்தான் போகவில்லை. அவர் சார்பில் ஓவியர் சிட்னி நோலன் போய் வாங்கினார். மறுத்தார் என்ற கதை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். பரிசுப் பணத்தை வைத்து 'பேட்ரிக் வைட் விருது' என்று ஒன்றை நிறுவினார். நீண்ட காலம் எழுதியும் உரிய கவனம் கிடைக்காத எழுத்தாளர்களுக்கு அது. யாரும் விண்ணப்பிக்க முடியாது, நடுவர்களே தேடிக் கொடுப்பார்கள். முதலில், 1974-இல், பெற்றவர் கிறிஸ்டினா ஸ்டெட். 1979-இல் ராண்டால்ஃப் ஸ்டோ. இது பேச்சில் கட்டாயம் வர வேண்டும். அவருடைய கோபத்துக்கு மறுபக்கம் இதுதான்.

இன்னொன்று: "நோபல் பெற்ற முதல் ஆஸ்திரேலியர்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அடிலெய்டில் பிறந்த லாரன்ஸ் பிராக் 1915-இலேயே இயற்பியலுக்கு வாங்கிவிட்டார். மருத்துவத்துக்கு ஹோவர்ட் ஃப்ளோரி 1945-இல். இலக்கியத்துக்கு முதல் ஆஸ்திரேலியர் என்றால் சரி.

நாட்டின் உயரிய விருது என்று குறிப்பு சொல்லும் ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியாவையும் அவர் மறுக்கவில்லை. 1975-இல் வாங்கினார், 1976-இல் திருப்பிக் கொடுத்தார். மறுப்பதும் வாங்கித் திருப்பிக் கொடுப்பதும் வேறு வேறு. இடையில் 1975 நவம்பர் 11 இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் கஃப் விட்லமை கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பதவிநீக்கம் செய்த நாள். அதற்கு எதிர்ப்பாகத்தான் விலகினார். விட்லமுக்குப் பின் வந்த அரசு அந்த விருது வரிசையில் 'சர்' பட்டத்தையும் நுழைத்தது அவருடைய எரிச்சலைக் கூட்டியது.

புக்கர் வாங்கவே இல்லை. 1979-இல் 'த ட்வைபார்ன் அஃபேர்' போட்டியில் இருந்தபோது, இளைய எழுத்தாளர்களுக்கு வழிவிடுகிறேன் என்று தன் புத்தகத்தை எடுத்துவிடச் சொன்னார். 1970-இல் வந்த 'த விவிசெக்டர்', செத்து இருபது வருஷம் கழித்து 2010-இல் 'தொலைந்த புக்கர்' குறும்பட்டியலில் வந்தது; விதி மாறியதால் போட்டியில் சேராமல் போன 1970 நாவல்களுக்கான பரிசு அது. அவ்வளவுதான். அவர் உள்ளபடியே வென்ற பரிசு மைல்ஸ் ஃப்ராங்க்ளின் என்ற ஆஸ்திரேலிய இலக்கியப் பரிசு. அது தொடங்கிய 1957-இல் முதல் பரிசு 'வாஸ்' நாவலுக்கு, பிறகு 1961-இல் 'ரைடர்ஸ் இன் த சாரியட்'டுக்கு.

முட்டம் வாசகி:

வேளிமலை அண்ணன் விட்டுவைத்த அந்தக் கடைசி வரியைப் பார்ப்போம். "யாரையும் விட்டுவைக்காத வாய்" என்று தொடங்கினால் பேச்சு வம்பாகத்தான் முடியும். ஏனென்றால் அதில் இரண்டு வேறு சமாச்சாரம் கலந்து கிடக்கிறது. ஒன்று, வீட்டுக்குள்ளே இருந்த கோபம்: நண்பர்களை வெட்டிவிடுவது, கடிதத்தில் திட்டுவது, சாப்பாட்டு மேசையில் சண்டை. இன்னொன்று, பொது மேடையில் பேசிய அரசியல். முதலாவது வாழ்நாள் முழுக்க இருந்தது. இரண்டாவது ஐம்பத்தேழு வயதுக்குப் பிறகு வந்தது. இந்தக் காலவரிசையைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

1948-இல் திரும்பி வந்ததும் சிட்னிக்கு வெளியே காசில் ஹில் என்ற இடத்தில் ஆறு ஏக்கர் வாங்கினார். துணைவர் மனோலி லஸ்காரிஸ், கிரேக்கர், 1941-இல் அலெக்சாண்டிரியாவில் சந்தித்தவர். இரண்டு பேருமாகப் பூவும் காய்கறியும் விற்றார்கள், பாலும் க்ரீமும் விற்றார்கள், ஷ்னாவ்ஸர் நாய்களும் ஸானென் ஆடுகளும் வளர்த்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் இதுதான் வாழ்க்கை. வெளியே பேச்சே இல்லை. விதிவிலக்காக 1958-இல் ஒரு கட்டுரை, 'த ப்ராடிகல் சன்'. பணத்தையும் காரையும் தசைவலுவையும் கும்பிடுகிற ஒரு 'மகத்தான ஆஸ்திரேலிய வெறுமை' என்று தன் நாட்டை அதில் வர்ணித்தார். உள்ளூர் எழுத்தின் பத்திரிகைத்தனமான யதார்த்தத்தையும் போட்டுத் தாக்கினார். அவ்வளவு சொல்லிவிட்டு மறுபடியும் எழுத்து மேசைக்குப் போய்விட்டார்.

மாறியது 1969-இல். வியட்நாம் போருக்கு ஆஸ்திரேலியா இளைஞர்களைக் கட்டாயமாக அனுப்பிக்கொண்டிருந்தது. ராணுவச் சேவைக்குப் பதிவு செய்யாதீர்கள் என்று இளைஞர்களைத் தூண்டும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அது சட்டப்படி குற்றம், தெரிந்தேதான் போட்டார்.

அடுத்தது 1972. 1964-லிருந்து அவர் குடியிருந்தது சிட்னியில் சென்டெனியல் பூங்காவை ஒட்டிய மார்ட்டின் ரோடு வீட்டில். அந்தப் பூங்கா வட்டாரத்தில் ஒலிம்பிக் மைதானம் கட்டுவதாகத் திட்டம் வந்தது. கூட்டங்களில் எழுந்து நின்று பேசினார். கட்டிடத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜாக் மண்டி 'பசுமைத் தடை' என்ற முறையில் தொழிலாளர்களை வேலைக்குப் போகாமல் நிறுத்தினார், திட்டம் விழுந்தது. அந்தத் திட்டத்தில் வைட்டின் வீடும் ஆபத்தில் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சொந்த வீட்டுக்காகத் தொடங்கியவர் அதோடு நின்றுவிடவில்லை என்று காட்ட அது உதவும். யுரேனியச் சுரங்க எதிர்ப்பு, அணு ஆயுத எதிர்ப்பு என்று எண்பதுகள் முழுக்க மேடை ஏறினார். அதில் அவருக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை.

பேச்சில் மையமாக வைக்க ஒரே ஒரு சம்பவம் வேண்டும் என்றால், 1973-க்கான 'ஆஸ்திரேலியர் ஆஃப் த இயர்' ஏற்புரையை எடுங்கள். நோபல் வந்த கையோடு நாடே கொண்டாடுகிறது. மேடையில் ஏறி, ஆஸ்திரேலிய தினம் என்பது எக்காளம் ஊதும் நாளாக இல்லாமல் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் நாளாக இருக்க வேண்டும் என்றார். விருதுக்குத் தன்னைவிடத் தகுதியானவர்கள் என்று மூன்று பேரின் பெயரைச் சொன்னார்: ஜாக் மண்டி, வரலாற்றாசிரியர் மேனிங் கிளார்க், நகைச்சுவைக் கலைஞர் பேரி ஹம்ஃப்ரீஸ். ஒரு தொழிற்சங்கக்காரர், ஒரு வாத்தியார், ஒரு கோமாளி! உங்கள் கூட்டத்துக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

1988-இல் வெள்ளையர் குடியேறிய இருநூறாவது ஆண்டு விழா. பூர்வகுடிகளுக்கு நடந்ததை மறைத்துவிட்டுக் கொண்டாடுவதா என்று அந்த விழாவையே புறக்கணித்தார். அந்த வருஷம் தன் எழுத்து எதுவும் ஆஸ்திரேலியாவில் அச்சாகவோ மேடையேறவோ கூடாது என்றும் சொல்லிவிட்டார். எழுத்தாளனுக்குக் கைவசம் இருக்கும் வேலைநிறுத்தம் அதுதானே.

இனி, வீட்டுக் கோபம். 1981-இல் 'ஃப்ளாஸ் இன் த கிளாஸ்' என்ற தன்வரலாறு வந்தது. அதில் கெர்ரும் தப்பவில்லை, பழைய நண்பர் நோலனும் தப்பவில்லை. தனக்காக நோபல் வாங்கப் போன அதே நோலன்தான். நோலனின் மனைவி சிந்தியா 1976-இல் தற்கொலை செய்துகொண்ட பின் அவர் சீக்கிரமே மறுமணம் செய்ததை வைட் மன்னிக்கவில்லை. இந்த ஒன்றைச் சொன்னால் போதும். மற்ற சண்டைகளை எடுத்தால் அரை மணி நேரமும் அதிலேயே போய்விடும், எழுத்தைப் பற்றிப் பேச நேரம் இருக்காது.

பழையாறு:

புத்தகத் தேர்வுக்கு வருகிறேன். வழக்கமாக எல்லாரும் 'வாஸ்' என்பார்கள். 1848-இல் ஆஸ்திரேலியக் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் போய்த் தடயமில்லாமல் மறைந்த ஜெர்மானியர் லூத்விக் லைக்ஹார்ட்டை மாதிரியாக வைத்து எழுதியது. பாலைவனத்தில் வாஸ், சிட்னியில் லாரா ட்ரெவெல்யன். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது சில தடவைதான். பிறகு உறவெல்லாம் மனதுக்குள்ளேயே, ஒரு கட்டத்துக்குப் பின் கடிதம்கூடப் போய்ச் சேர்வதில்லை. வைட்டின் உச்சம் என்று நானும் சொல்வேன். ஆனால் வாசிக்காத கூட்டத்துக்கு இதை வைத்து அறிமுகம் செய்தால் "சாகசக் கதை" என்று நினைத்து வாங்கிப் போவார்கள், ஐம்பதாவது பக்கத்தில் மூடி வைப்பார்கள்.

உங்கள் ஊருக்கு 'த ட்ரீ ஆஃப் மேன்' பொருந்தும். 1955-இல் வந்தது. ஸ்டான் பார்க்கர் என்ற வாலிபன் ஒரு வண்டியோடு காட்டுக்குள் வருகிறான், மரத்தை வெட்டுகிறான், குடிசை போடுகிறான், ஏமியைக் கட்டிக் கூட்டி வருகிறான். வெள்ளம், காட்டுத்தீ, வறட்சி, போர், பிள்ளைகள் கையைவிட்டுப் போவது. கதை இவ்வளவுதான். குலசேகரம், பேச்சிப்பாறை மலையோரத்தில் காடு வெட்டி மரச்சீனியும் ரப்பரும் வைத்த குடும்பத்துக்காரர்கள் கூட்டத்தில் இருப்பார்கள்; முதல் அத்தியாயத்தை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இந்த நாவல் பிறந்த கதையும் பேச்சுக்கு உதவும். காசில் ஹில்லில் 1951 கடைசி. எழுதுவதையே விட்டுவிடலாம் என்ற மனநிலை. மழையில் நாய்க்குட்டிகளுக்குத் தீனி எடுத்துப் போகும்போது சேற்றில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். கிடந்த இடத்திலேயே கடவுளைத் திட்டினார். இல்லாத ஒருவரையா இப்படித் திட்டுகிறோம் என்று அப்போதே சிரிப்பு வந்தது. அவருடைய நம்பிக்கை அங்கிருந்துதான் தொடங்கியதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னால் எந்தச் சபையிலும் நிலைத்து நிற்கவில்லை. ஆனால் இந்த நாவலில் ஸ்டான் தேடுவதற்கு அடியில் அந்தச் சேறுதான் இருக்கிறது.

அமெரிக்காவில் நாவலைக் கொண்டாடினார்கள். சொந்த ஊரில் கவிஞர் ஏ.டி. ஹோப் 1956-இல் சிட்னி மார்னிங் ஹெரால்டில் எழுதிய மதிப்புரையை "பகட்டான, படிப்பறிவற்ற சொற்சேறு" என்று முடித்தார். வைட் அதைச் சாகிறவரை மறக்கவில்லை. ஹோப் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது, வைட்டின் வாக்கியம் தடுக்கத்தான் செய்யும். எழுவாய் இல்லாத துண்டு வாக்கியம் வரும். பத்தியின் நடுவில் ஒருவர் மனதிலிருந்து அடுத்தவர் மனதுக்குத் தாவுவார். ஆசிரியர் பேசுகிறாரா, பாத்திரம் நினைக்கிறதா என்று குறி ஏதும் இருக்காது. வேகமாக வாசிப்பவர் "யார் இது?" என்று பின்னால் போவார், நாலு தடவை பின்னால் போனதும் சலித்துவிடும். அதற்கு வழி, ஒரு தடவைக்கு பதினைந்து இருபது பக்கத்துக்கு மேல் போகாமல் இருப்பது, தடுக்கிற பத்தியை வாய்விட்டு வாசிப்பது. காதில் கேட்டால் பாதிச் சிக்கல் அவிழும். நாடகமும் எழுதியவர் அவர்.

நாவல் முழுவதையும் வாசிக்க உங்களுக்கே நேரம் இல்லை என்றால், 1964-இல் வந்த 'த பர்ன்ட் ஒன்ஸ்' தொகுப்பில் 'டவுன் அட் த டம்ப்' என்ற கதையை எடுங்கள். ஒரே அமர்வில் முடியும். ஒரு பக்கம் கௌரவமான குடும்பம் நடத்தும் சவ அடக்கம், பக்கத்திலேயே குப்பைமேட்டில் பழைய சாமான் பொறுக்க வந்த குடும்பம், இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு பையனும் பெண்ணும். நடக்கும் இடம் சார்சபரில்லா. தோப்பில் முகமது மீரான் தேங்காய்ப்பட்டணத்தைத் தன் கதை உலகமாக்கியதுபோல, வைட் காசில் ஹில்லை இந்தப் பெயரில் தன் ஊராக்கிக்கொண்டார். பிந்தைய நாவல்களிலும் அந்த ஊர் வரும்.

ஒரு எச்சரிக்கை. 'எ ஃப்ரிஞ்ச் ஆஃப் லீவ்ஸ்' கப்பல் உடைந்த கதை என்பதால் கடற்கரை ஊர்க்காரர்கள் அதைக் கேட்பார்கள். 1836-இல் 'ஸ்டர்லிங் காசில்' கப்பல் உடைந்து, எலைசா ஃப்ரேசர் என்ற பெண் பூர்வகுடிகளோடு இருந்ததை வைத்து எழுதியது. நாவலாக அருமை. ஆனால் அந்தப் பெண் சொன்ன கதையே பூர்வகுடிகளைக் கொடூரர்களாகக் காட்டியதாகப் பெரிய விவாதம் உண்டு. அவள் பெயரால் அழைக்கப்பட்ட தீவுக்கு 2023-இல் புட்சுல்லா மக்களின் பழைய பெயரான க'காரியை அதிகாரபூர்வமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வைட்டின் நாவலில் நரமாமிசக் காட்சி வருகிறது. 1988-இல் பூர்வகுடிகளுக்காக விழாவைப் புறக்கணித்தவர் 1976-இல் இதை எழுதினாரா என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் வைத்திருங்கள்.

குழித்துறை வாசகன்:

நிறையக் கிடைத்துவிட்டது, நன்றி. 'த ட்ரீ ஆஃப் மேன்' என்றே முடிவு செய்கிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். லஸ்காரிஸ் விஷயத்தைப் பெரியவர்கள் இருக்கும் கூட்டத்தில் எப்படிச் சொல்வது, விட்டுவிடலாமா? இன்னொன்று, வைட்டின் நாவலையே பதிப்பகங்கள் நிராகரித்தன என்று ஒரு செய்தி வாசித்த ஞாபகம். நிஜமா?

முட்டம் வாசகி:

விட்டால் வாழ்க்கை வரலாறே நிற்காது. 1941-லிருந்து 1990-இல் வைட் சாகும்வரை நாற்பத்தொன்பது வருஷம் நீடித்த உறவு. பண்ணையில் உழைத்தவர், நாவல்களுக்கு முதல் வாசகர், வீட்டுச் சண்டைகளை ஆற்றியவர் எல்லாம் லஸ்காரிஸ்தான். "வாழ்க்கைத் துணை" என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்து போங்கள். தயங்கிக் குரலைத் தாழ்த்தினால்தான் கூட்டம் காதைத் தீட்டும்.

அவருடைய பேச்சுத் துணிவைக் காட்டவும் இதைவிட வலுவான சான்று இல்லை. தன்வரலாற்றில் இதை அவர் எழுதியது 1981. அவர் வாழ்ந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆண்களின் ஒருபால் உறவு குற்றம் என்ற சட்டம் நீங்கியது 1984. அந்த இரண்டு வருஷ எண்களையும் சொல்லுங்கள், வேறு விளக்கம் வேண்டாம். கெர்ரைத் திட்டுவதற்கு அவருக்குப் பெரிதாக எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. இதற்கு இழக்க இருந்தது.

வேளிமலை:

நிராகரிப்புச் செய்தி நிஜம்தான், ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது நடந்ததில்லை. 2006-இல் 'தி ஆஸ்திரேலியன்' நாளிதழ் செய்த சோதனை. 'தி ஐ ஆஃப் த ஸ்டார்ம்' நாவலின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துத் தலைப்பையும் பாத்திரப் பெயர்களையும் மாற்றி, ஆசிரியர் பெயரை 'ரெய்த் பிக்கட்' என்று போட்டார்கள். பேட்ரிக் வைட்டின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அந்தப் பெயர் வரும். பன்னிரண்டு பதிப்பாளர்களுக்கும் முகவர்களுக்கும் அனுப்பினார்கள். பத்துப் பேர் வேண்டாம் என்றார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. இதைக் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சிரிக்கும், ஆனால் நடுவிலிருந்து ஒரு அத்தியாயத்தை உருவி அனுப்பினால் எந்த நாவலும் நொண்டத்தான் செய்யும் என்று யாராவது சொன்னால் அதுவும் நியாயமே.

அதே 2006-இல் இன்னொரு சங்கதி. தன் கையெழுத்துப் பிரதிகளை அழித்துவிட்டதாக வைட் 1977-இல் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்துக்கு எழுதியிருந்தார். அவருடைய முகவர் பார்பரா மாப்ஸ் முப்பத்திரண்டு பெட்டிகளை நூலகத்தில் ஒப்படைத்தபோதுதான் அது பொய் என்று தெரிந்தது. அதிலிருந்த முடிக்காத நாவல் 'த ஹேங்கிங் கார்டன்' 2012-இல் வந்தது. ஒளிவுமறைவில்லாமல் பேசியவர் என்று நீங்கள் முழங்கும்போது யாராவது இதை எடுத்துப் போடக்கூடும். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

பழையாறு:

நேரக் கணக்கு. பிறப்பிலிருந்து 1948 வரை ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பள்ளி, கேம்பிரிட்ஜ், போர் என்று இழுத்தால் அதிலேயே பதினைந்து போய்விடும், பேச்சாளர்கள் அதிகம் வழுக்குகிற இடம் இது. காசில் ஹில், சேறு, 'த ட்ரீ ஆஃப் மேன்', ஹோப்பின் மதிப்புரை எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். இதில் இரண்டு நிமிடம் முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தியை ஆங்கிலத்திலேயே நிதானமாக வாசியுங்கள், பிறகு தமிழில் பொருளைச் சொல்லுங்கள். 1969-லிருந்து 1988 வரை பத்து நிமிடம். மீதி மூன்றில் அவர் நிறுவிய பேட்ரிக் வைட் விருதும், 1990 செப்டம்பர் 30 மரணமும், சென்டெனியல் பூங்காவின் குளத்தில் சாம்பலைக் கரைத்ததும்.

மேலும் வாசிக்கக் கேட்பவர்களுக்கு டேவிட் மார் 1991-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள், தடித்த புத்தகம், ஆனால் நாவல்போல ஓடும். மேடைப் பேச்சுகள் மட்டும் வேண்டுமென்றால் 1989-இல் 'பேட்ரிக் வைட் ஸ்பீக்ஸ்' என்று தனித் தொகுப்பு உண்டு. 'ஹேப்பி வேலி' என்ற முதல் நாவலைப் பழைய பட்டியல்களில் தேடி யாராவது அலுத்துக்கொண்டால், அவர் உயிரோடு இருந்தவரை அதை மறுபதிப்புச் செய்ய விடவில்லை என்று சொல்லுங்கள். 2012-இல்தான் திரும்ப வந்தது, இப்போது கிடைக்கும்.